நெல்லைக் கல்லூரிகளில் பாதுகாப்புப் புகார்: புதிதாகச் சேர்வோரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கும் அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் சங்கரன்கோவில், ஆலங்குளம், வள்ளியூர், திசையன்விளை என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். சேர்க்கைக்கு எத்தனை நகல், எத்தனை புகைப்படம் என்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வருபவர்களுக்கு, விடுதியில் இரவு பத்து மணிக்கு ஒரு தொல்லை என்றால் யாரை அழைப்பது, மறுநாள் காலையில் யாரிடம் என்ன எழுதிக் கொடுப்பது என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. என் அக்கா மகளுக்காக ஒரு கல்லூரி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே அலைந்தபோது தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். கல்லூரியின் பெயர் தேவையில்லை. நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆபத்து நேரத்தில் வாயால் சொல்ல வேண்டும். ஆபத்து நீங்கியபின் தாளில் எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும் என்பதை மனத்தில் கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

1. சேர்ந்த முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டியவை

உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கலை அறிவியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். மருத்துவம் என்றால் சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சட்டம் என்றால் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இணைவுக் கல்லூரியில் நடந்த விஷயத்துக்கு முதல் புகாரை அந்தக் கல்லூரியிலேயே கொடுக்க வேண்டும். நேரே அபிஷேகப்பட்டிக்குப் பேருந்து ஏறினால், "முதல்வரிடம் கொடுத்தீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, ராகிங் தடுப்பு உறுதிமொழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் ஒவ்வொரு கல்வியாண்டும் இதைக் கொடுக்க வேண்டும். 'ஆன்டிராகிங் டாட் இன்' தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மின்னஞ்சலில் வரும் பதிவெண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் நிரப்பும்போது அவர்கள் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடுவதுண்டு. அப்படிப் போட்டால் பதிவெண் உங்கள் கைக்கு வராது.

மூன்றாவதாக, அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். ராகிங் தடுப்புக் குழு, பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு, மாணவர் குறைதீர் குழு ஆகியவற்றின் உறுப்பினர் பெயர்களும் எண்களும் அங்கே இருக்க வேண்டும். அவற்றைப் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். பலகையில் மூன்றாண்டுக்கு முந்தைய பட்டியல் தொங்கினால், இப்போதைய தலைவர் யார் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்றவருக்குப் புகார் எழுதி வாரங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

2. ஆபத்து நேரத்தில் யாரை, எப்படி அழைப்பது

112 என்ற ஒரே எண்ணில் காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றும் கிடைக்கும். மருத்துவ அவசரத்துக்கு 108. பெண்களுக்கு 181. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு 1098. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இறக்கிப் பதிவு செய்து வைத்திருந்தால் ஒரே பொத்தானில் உங்கள் இருப்பிடம் போய்ச் சேரும். பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு தகவல்: 2016ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு வந்த போன்களில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும்.

எண் எல்லோருக்கும் தெரியும். பேசும் முறைதான் பலருக்குத் தெரியாது. அழைப்பை எடுப்பவர் இந்த ஊர்க்காரராக இருக்க மாட்டார். "லேடீஸ் ஹாஸ்டல் பின்னாடி" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. மாவட்டம், சாலை, எல்லோரும் அறிந்த அடையாளம், எந்த வாசல் என்ற வரிசையில் சொல்லுங்கள்: "திருநெல்வேலி மாவட்டம், பேட்டை தாண்டித் தென்காசி சாலை, அபிஷேகப்பட்டி, பல்கலைக்கழக முதன்மை வாசல், ஒருவர் வாசலில் நிற்பார்." இந்தக் கடைசிப் பகுதி மிக முக்கியம். பெரிய வளாகங்களில் ஆம்புலன்ஸ் வந்தபிறகும் எந்தக் கட்டடம் என்று தெரியாமல் சுற்றும். இரவில் பக்கவாசல்கள் பூட்டியிருக்கும். ஒருவரை வாசலுக்கு அனுப்பிவிட்டு, வாசல் காவலாளிக்கும் சொல்லிவிடுங்கள்.

"எதுவானாலும் முதலில் வார்டனிடம் சொல்லுங்கள்" என்று விடுதி விதியில் எழுதியிருக்கும். வார்டன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் 112ஐ அழைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. முதலில் 112, அதற்கடுத்து வார்டன், அதன்பின் வீடு. ராகிங் நடக்கும்போதோ நடக்கப்போகிறது என்று தெரியும்போதோ 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவு பகலாக இயங்குகிறது; பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

மனம் உடைந்து தன்னையே மாய்த்துக்கொள்ளும் பேச்சைப் பேசுகிற தோழர் இருந்தால் 14416 அல்லது 104ஐ அழையுங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள்.

3. மழையும் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. மின்சாரம் போய், பல இடங்களில் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. வாட்ஸ்அப் குழுவையே நம்பியிருந்த விடுதிகளும் வீடுகளும் ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடியாமல் தவித்தன.

ஆகவே அக்டோபர் மாதம் பிறப்பதற்குள் மூன்று காரியங்களைச் செய்து வையுங்கள். வீடு, வார்டன், அறைத்தோழரின் வீடு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டை உறைக்குள் செருகுங்கள். போன் அணைந்தால் அதிலுள்ள எண்களும் அதோடு போய்விடும். இரண்டாவதாக, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு மாவட்டத்திலிருந்து அழைக்கும் பெற்றோர் முன்னால் 0462 சேர்க்காவிட்டால் அழைப்பு அவர்கள் ஊர் மாவட்ட அறைக்கே போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மூன்றாவதாக, இணையம் போனாலும் குறுஞ்செய்தி போகக்கூடும் என்பதால், "நலம், விடுதியில் இருக்கிறேன், மாலை 6க்கு மறுபடி அனுப்புவேன்" என்பது போன்ற ஒரு வரியை வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தால், பதறிப்போய் வெள்ளத்துக்குள் வண்டியெடுத்து வருகிற தகப்பன்மார் குறைவார்கள்.

விடுமுறை அறிவிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் பெயரில் பழைய அறிவிப்புப் படங்கள் தேதி மாற்றப்பட்டுச் சுற்றும். ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பார்க்காமல் பேருந்து நிலையத்திலிருந்து ஊர் திரும்பிவிடாதீர்கள். உண்மையான அறிவிப்பாக இருந்தாலும், 'பள்ளிகளுக்கு' என்று மட்டும் இருந்தால் கல்லூரி உண்டு என்று பொருள். பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போகிறதா என்பதைத் தேர்வாணையர் அலுவலகத்தின் தனி அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

4. அன்றைக்கே ஆதாரத்தைக் காப்பது

புகார் எழுத ஒரு நாள் தாமதமாகலாம். ஆதாரத்துக்குத் தாமதம் ஆகாது. மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. செய்தி வந்த போனிலேயே அவை அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். அந்தப் போனை விற்கவோ மாற்றவோ கூடாது. வழக்காகப் போனால் மூலக் கருவியைக் கேட்பார்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி தனிச் சான்றும் வேண்டும்.

சிசிடிவி பதிவில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பதிவுப் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். விசாரணை தொடங்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. எனவே, "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, இன்ன இடத்துக் கேமராவின் பதிவை அழியாமல் பாதுகாக்கக் கோருகிறேன்" என்று தனியாக ஒரு பக்க மனுவை மறுநாளே முதல்வருக்குக் கொடுங்கள். பதிவை உங்களிடம் தர மறுக்கலாம். பாதுகாக்கச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

அடிபட்டிருந்தால், ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ சிகிச்சை பெறும்போது, எப்படி அடிபட்டது என்று உள்ளபடியே சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று வெட்கத்திலோ பயத்திலோ சொன்னால், மருத்துவர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு அந்த ஏ.ஆர். நகலே உங்களுக்கு எதிராகப் பேசும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் உடனே கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம்.

5. எந்தப் புகார் எந்த மேசைக்கு

மூத்த மாணவர்களின் தொல்லை என்றால் ராகிங் தடுப்புக் குழுவும் முதல்வரும். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்குக்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நெல்லைப் பக்கத்தில் இதற்கு ஒரு தனி முகம் இருக்கிறது. முதல் நாளே "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று அன்பாகக் கேட்பதுபோல் கேட்டு, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தையும் பார்த்து, 'ஆள்' யார் என்று கணக்குப் போட்டபின் தொடங்கும் கேலி இது. சாதி, மதம், பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதும் ராகிங்கே என்று மானியக் குழு விதிமுறையின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. "சும்மா கேட்டோம்" என்ற பதிலைக் குழு ஏற்க வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் இழிவுபடுத்தப்பட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். அதற்கான உதவி எண் 14566.

பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும், மாணவர் தொடர்பான வழக்கில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம்மா, படிப்பு முக்கியம் இல்லையா" என்று துறையில் யாராவது இடையில் வருவார்கள். சமரசம் என்பது புகார் கொடுத்தவரே கேட்டால் மட்டும். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவும் கூடாது. புகாருக்கு ஆளானவரே உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர் என்றால், விசாரணை முடியும்வரை அவர் உங்கள் மதிப்பெண்ணில் கை வைக்காதபடி இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. குழுவும் தானாகச் சொல்வதில்லை.

முதலாண்டு மாணவருக்குப் பதினேழே வயதாக இருக்கக்கூடும். அப்படியானால் பாலியல் குற்றத்துக்குப் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்த கல்லூரி அதைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், உள்ளுக்குள் முடித்துக்கொள்ள முடியாது. மனுவில் பிறந்த தேதியை எழுத மறக்காதீர்கள்.

இணையத்தில் பணம் பறிபோனால் 1930ஐ உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். படத்தை மாற்றிப் பரப்புவது போன்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். கட்டணம், சான்றிதழ், விடுதி வசதி போன்றவை மாணவர் குறைதீர் குழுவுக்கு உரியவை. தொல்லைப் புகாரை அங்கே போட்டால் வெறுமனே கிடக்கும்.

6. மனு எழுதுவது

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வழக்கமான வடிவமே போதும். வழக்கறிஞர் தேவையில்லை, உள்ளகக் குழுவின் விசாரணையில் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் வரவும் கூடாது. "சில மாணவர்கள் தொடர்ந்து தொந்தரவு செய்கிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதினால் விசாரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இப்படி எழுதுங்கள்:

"12.08.2025 செவ்வாய் இரவு சுமார் 9.40 மணிக்கு, விடுதி இரண்டாம் மாடித் தண்ணீர்த் தொட்டி அருகில், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் என் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மண்டியிட்டால்தான் தருவோம் என்றனர். என் அறைத்தோழர் உடனிருந்தார். 9.55க்குக் காப்பாளரை அழைத்தேன், எடுக்கவில்லை. அழைப்புப் பதிவின் படம், இணைப்பு 2."

பெயர் தெரியாவிட்டால் துறை, ஆண்டு, அங்க அடையாளம் எழுதலாம். கோபத்தில் வரும் வசைகளையும், "எல்லாருக்கும் தெரியும்" போன்ற வரிகளையும் அடித்துவிடுங்கள். உள்ளகக் குழுவுக்கு என்றால் மனுவும் இணைப்புகளும் ஆறு படிகள் வேண்டும். உங்களுக்கு ஒன்று சேர்த்து ஏழாக எடுங்கள். செலவெல்லாம் ஜெராக்ஸ் கடைக்குத்தான். முத்திரைத்தாளோ நோட்டரியோ தேவையில்லை. வேண்டும் என்று எவராவது சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

7. பெறுகை வாங்காமல் நகராதீர்கள்

அலுவலகத்தில் நீங்கள் கேட்கப்போகும் பதில் இதுதான்: "வச்சுட்டுப் போங்கம்மா, சார் வந்ததும் காட்டுதேன்." சொல்பவர் மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் உள்வருகைப் பதிவேட்டில் எண் ஏறாத மனு, கொடுக்கப்படாத மனுதான். உங்கள் நகலில் முத்திரை, தேதி, சுருக்கொப்பம், பதிவெண் நான்கும் விழும்வரை நில்லுங்கள். எங்கள் நகலில் முத்திரை மட்டும் குத்தித் தேதியை விட்டுவிட்டார்கள்; பின்னால் புகார் தருவதற்கான மூன்று மாதக் கெடு பேச்சுக்கு வந்தபோது அந்த வெற்றிடம்தான் பெரிய வழக்காகிப்போனது.

பாலியல் புகாரை மட்டும் திறந்த தாளாகக் கொடுக்காதீர்கள். உறையில் ஒட்டி, மேலே 'மந்தணம்' (ரகசியம்) என்றும் 'தலைவர், உள்ளகப் புகார்க் குழு' என்றும் எழுதி, உறைக்கு மட்டும் பெறுகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால், 'பதிவோடு கூடிய விரைவுத் தபால்' என்று கேட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

8. காவல் நிலையம்

திருநெல்வேலி மாநகரம் காவல் ஆணையரின்கீழும் மற்றப் பகுதிகள் மாவட்டக் கண்காணிப்பாளரின்கீழும் வருவதால், "இது எங்க லிமிட் இல்ல" என்பதை இங்கே அடிக்கடி கேட்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். ஆலங்குளத்திலிருந்து வரும் பேருந்தில் நடந்ததை பாளையங்கோட்டையிலும் சொல்லலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்; இதைத் தவறவிடுவோர் அதிகம்.

ரைட்டர் ஐயா ஒரு ரசீது தருவார். அது சி.எஸ்.ஆர்.; மனு வந்து சேர்ந்ததற்கான அடையாளம் மட்டுமே, முதல் தகவல் அறிக்கை அல்ல. பல குடும்பங்கள் அதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் பதினான்கு நாள் முன்விசாரணைக்கு இடமுண்டு. வன்கொடுமைச் சட்டப் புகாருக்கு அந்த முன்விசாரணை தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானால் நகல் இலவசம். பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்கு, எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

கல்லூரி விசாரிக்கிறது என்பதற்காகக் காவல் புகாரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ராகிங்கில் குற்றம் இருப்பதாகத் தெரிந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமையே காவல்துறைக்குப் போக வேண்டும் என்பது மானியக் குழு விதி.

9. கெடுத் தேதிகள்

உள்ளகக் குழுவுக்குச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர் சம்பவமானால் கடைசி நிகழ்விலிருந்து எண்ணிக்கொள்ளலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். செமஸ்டர் விடுமுறையில் மே மாதம் முழுவதும் ஊரில் இருந்துவிட்டு வருபவர்களுக்குக் கெடு கரைவதே தெரியாது. எதிர்த்தரப்புக்கு நகல் ஏழு நாளில், அவர் பதில் பத்து நாளில், விசாரணை தொண்ணூறு நாளில், அறிக்கை அதன்பின் பத்து நாளில். பரிந்துரைமேல் நிர்வாகம் முப்பது நாளில் செயல்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள்தான்.

மாணவர் குறைதீர் குழு பதினைந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும்; திருப்தி இல்லையென்றால் அடுத்த பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அரசு, அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி என்றால் நெல்லை மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். எங்கும் அசைவில்லை என்றால், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில், முந்தைய பெறுகை நகல்கள் எல்லாவற்றையும் இணைத்து மனு கொடுங்கள். அரசு நிறுவனமானால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில், "இன்ன பதிவெண்ணுள்ள என் மனுமேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள்.